பச்சை வயரை வெட்டாதீர்கள்!

உயர் வோல்ட்டை ‘ஸ்கோப்’பில் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டை ஒட்டிய எஸ்.பி. ரோட்டில் காலை பத்து மணிக்கு மேல் நடப்பதென்றால் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். வயர் சுருள், மோட்டார், சுவிட்சு, கம்ப்யூட்டர் உதிரி பாகம் என்று கிடைக்காத சாமான் இல்லை. பக்கத்துச் சந்துகளிலும் மாடிப்படிகளின் மேலும் சிறுசிறு ரிப்பேர் கடைகள். யு.பி.எஸ்., இன்வர்ட்டர், இண்டக்ஷன் அடுப்பு, வெல்டிங் மெஷின், பீனியா தொழிற்பேட்டையிலிருந்து வரும் மோட்டார் டிரைவ் எல்லாம் இத்தகைய கடைகளின் மேஜைக்கு வந்து சேர்கின்றன. அந்த மேஜைகளில் குனிந்து வேலை செய்பவர்களில் தருமபுரி, சேலம், வேலூர் பக்கத்திலிருந்து வந்த நம் இளைஞர்களும் உண்டு.

வேலை கொஞ்சம் பெரிதானால் மல்டிமீட்டர் மட்டும் போதாது. மேஜை மேல் ஓர் ஆஸிலாஸ்கோப் வந்து உட்காரும். தொழிலில் இருப்பவர்கள் செல்லமாக ‘ஸ்கோப்’ என்பார்கள். அதைத் தொடும் புதுப் பையனுக்கு, எந்த ஊர்ப் பட்டறையானாலும், முதல் வாரத்திலேயே ஓர் உபதேசம் கிடைப்பதுண்டு. “ஸ்கோப் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் பியூஸ் போகும்” என்பதே அது.

அந்த உபதேசத்தில் பாதி உண்மை இருக்கிறது. எர்த் இருந்தால் சில சமயம் பியூஸ் போவது உண்மைதான். ஆனால் அதைக் கழற்றினால் பியூசுக்குப் பதில் ஆள் போக நேரும். எப்படி என்று தெரிந்துகொள்ள, அந்தக் கருவியின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும். 

அலையைக் காட்டும் பெட்டி

மல்டிமீட்டர் ஓர் எண்ணைச் சொல்லும். ஸ்கோப்போ மின்னழுத்தம் நொடிக்கு நொடி எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் படமாகவே வரைந்து காட்டும். இதன் மூலக் கருவியான கதிர்க்குழாயை 1897-ல் செய்து காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் பெர்டினாண்ட் பிரவுன். அந்தக் கண்ணாடிக் குழாய் இன்று தட்டைத் திரையாக மாறிவிட்டது. ஆனால் மின்சாரம் உள்ளே நுழையும் வாசல் மாறவில்லை. ஒரு புரோப், அதன் நுனியில் ஒரு முள், பக்கத்தில் தொங்கும் குட்டை வயரில் ஒரு கறுப்பு கிளிப். 

முள்ளைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது கிளிப்பைக் கண்டுதான்.

முள்ளுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே லட்சக்கணக்கான ஓம் தடை உண்டு. சாதாரண 10 எக்ஸ் புரோபின் உள்ளே 90 லட்சம் ஓம்; ஸ்கோப்பின் உள்ளே 10 லட்சம் ஓம். அந்த வழியாக ஓடும் மின்சாரம் மிக மிகச் சிறிது. கறுப்பு கிளிப்பின் கதை வேறு. அதற்கும் ஸ்கோப்பின் உலோகக் கூட்டுக்கும் இடையே வெறும் வயர்தான். கூட்டிலிருந்து பவர் கார்டின் பச்சை வயர். பச்சை வயரிலிருந்து பிளக்கின் பருத்த பின். அங்கிருந்து கட்டடத்தின் எர்த் குழி. அதாவது, மேஜை ஸ்கோப்பின் கறுப்பு கிளிப்பைக் கையில் பிடித்தவர் பூமியையே ஒரு நூலில் கட்டிப் பிடித்திருக்கிறார். இரண்டு சானல் இருந்தால் இரண்டு கிளிப்பும் உள்ளே ஒன்றுதான். நான்கு இருந்தால் நான்கும் ஒன்றுதான். 

இந்தப் பூமியைக் கொண்டுபோய் பேஸ் வயரில் கவ்வ வைத்தால் என்ன ஆகும்? இடையில் தடை ஏதும் இல்லாத முழு ஷார்ட் சர்க்யூட். ஒரு வெடிச்சத்தம்; கிளிப் உருகும்; மெயின் விழும். யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டர் கோக்கப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகலாம்.

‘மைனஸ்’ செய்யும் மோசம்

“பேஸில் யார் கிளிப் போடுவார்கள்? மைனசில்தானே போடுகிறோம்?” என்று கேட்கலாம். தவறு நடக்கும் இடமே அதுதான்.

இண்டக்ஷன் அடுப்பு, எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் ஆகிய எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏ.சி. முதலில் நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜுக்குள் போகிறது. வெளியே பிளஸ், மைனஸ் என்று டி.சி. வருகிறது. டார்ச் பேட்டரியின் மைனஸ் போல இதையும் ‘கிரவுண்ட்’ என்று நினைப்பது பழக்கதோஷம். பிரிட்ஜின் மைனஸ் அப்படியல்ல. ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் அது டயோடு வழியாக பேசுடனேயே சேர்ந்திருக்கிறது. நொடிக்கு 50 தடவை பூமியைவிட 325 வோல்ட் கீழே போய் வருகிறது. அங்கே எர்த் கிளிப்பை மாட்டினால் அடுத்த அரைச் சுற்றிலேயே டயோடு வெடிக்கும்.

325 எங்கிருந்து வந்தது? 230 என்பது ஏ.சி.யின் செயல் மதிப்பு. அதன் உச்சம் 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். மேல் உச்சத்திலிருந்து கீழ் உச்சம் வரை 650. மூன்று பேஸ் 415 வோல்ட் லைனை டி.சி.யாக்கும் மோட்டார் டிரைவில் 587 வோல்ட் நிற்கும். மீட்டரில் கண்ட எண்ணை நம்பி ஸ்கோப்பை மாட்டுவோர் முதலில் மனத்தில் வாங்க வேண்டிய கணக்கு இது.

இண்டக்ஷன் அடுப்பு இன்னும் பொல்லாதது. அதன் கண்ட்ரோல் போர்டில் 5 வோல்ட்டில் ஓடும் ஐ.சி. இருக்கும். 5 வோல்ட்தானே என்று விரலை வைக்கக் கூடாது. பெரும்பாலான அடுப்புகளில் அந்தப் போர்டு முழுவதும் நேரே மெயின்சுடன் சேர்ந்தது. அந்த 5 வோல்ட், பேஸின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் 5 வோல்ட். காயில் ஓட்டும் ஐ.ஜி.பி.டி.யின் கலெக்டரிலோ ஆயிரம் வோல்ட்டை ஒட்டிய துடிப்புகள் எழும்.

வெட்டினால் என்ன ஆகும்?

இப்போது அந்த உபதேசத்துக்கு வருவோம். பச்சை வயரை வெட்டியாயிற்று. அல்லது எர்த் தொடர்பே இல்லாத மட்டமான மல்டி பிளக்கில் செருகியாயிற்று. கிளிப்பைப் பிரிட்ஜின் மைனசில் மாட்டினால் இப்போது வெடிக்காது. பியூஸ் போகாது. திரையில் படம் அழகாக விழும். “பார்த்தாயா!” என்று சொல்லிக் கொடுத்தவர் சிரிப்பார்.

ஆனால் அந்த நிமிடம் முதல் ஸ்கோப்பின் கூடு, சானல் மூடிகளின் உலோக வளையம், இரண்டாவது புரோபின் கிளிப், யு.எஸ்.பி. துளையின் விளிம்பு எல்லாவற்றிலும் மெயின்ஸ் ஏறி நிற்கிறது. அதைக் காட்ட ஒரு விளக்கும் எரியாது. ஒரு கையால் திருகைத் தொட்டுக்கொண்டு, மறு கை பக்கத்திலுள்ள இரும்பு அலமாரியில் பட்டால் போதும். மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கும்.

உடம்பின் வழியே 10 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓடினாலே பிடித்த கையை விட முடியாது. 30-ஐத் தாண்டினால் மூச்சுத் திணறும். அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ராத்திரியில் எரியும் 15 வாட் பல்பு ஒன்று இழுப்பது சுமார் 65 மில்லி ஆம்பியர். ஆளைச் சாய்க்க அந்தச் சின்ன பல்பின் மின்சாரம் போதும்.

இன்னொரு விஷயம். உயிருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அந்தப் படத்தை நம்ப முடியாது. அவ்வளவு பெரிய உலோகக் கூட்டை வேகமாகத் துடிக்கும் ஓர் இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் அந்தத் துடிப்பே உருமாறிவிடும். உயிரைப் பணயம் வைத்துப் பார்த்த படமும் பொய்ப் படமாகிறது.

எர்த் வெட்டிய ஸ்கோப் கிளிப்பை எங்கும் மாட்டாதபோதே விரலில் சுருக்கென்று கடிப்பதுண்டு. உள்ளே உள்ள பில்டர் கெப்பாசிட்டர்கள் செய்யும் வேலை அது. அந்தக் கடி ஓர் எச்சரிக்கை. செருப்பைப் போட்டுக்கொண்டு சமாளிக்கும் விஷயமல்ல.

பிரிக்க வேண்டியது எதை?

பிரிக்க வேண்டியது ஸ்கோப்பை அல்ல, ரிப்பேருக்கு வந்த சாமானை. அதற்கென்றே ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. 230 உள்ளே, 230 வெளியே. ஆனால் உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் வயர்த் தொடர்பு கிடையாது. சாமானை இதன் வழியாக ஓட்டினால், எர்த் உள்ள ஸ்கோப்பின் கிளிப்பை அதன் மைனசில் மாட்டலாம். ஓர் இடத்தில் மட்டுமே மாட்டலாம்.

இங்கேயும் அசட்டை கூடாது. கிளிப்பை மாட்டிய அந்த வினாடியே சாமானின் மைனஸ் பூமியாகிவிடுகிறது. பிளஸ் பக்கம் பூமிக்கு மேலே 325 வோல்ட்டில் நிற்கிறது. அதையும் ஸ்கோப் கூட்டையும் ஒருசேரத் தொட்டால் ஷாக் உறுதி. வீட்டு போர்டிலுள்ள ஆர்.சி.சி.பி. காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிம்மர்ஸ்டாட் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஆகாது. அதில் உள்ளதும் வெளியே வருவதும் ஒரே சுருள். வோல்ட்டைக் குறைக்குமே தவிர, பேஸைப் பிரிக்காது. சீரீஸ் பல்பும் அப்படியே. ஷார்ட் ஆனால் பல்பு எரிந்து போர்டைக் காப்பாற்றும். மனிதனைக் காப்பாற்றாது.

கிளிப்பை மாட்டும் முன் ஒரு சோதனை செய்தால் பாதி விபத்துகளைத் தவிர்க்கலாம். மாட்டப் போகும் இடத்துக்கும் ஸ்கோப்பின் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, ஏ.சி.யிலும் டி.சி.யிலும் பார்க்க வேண்டும். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே கிளிப் வேண்டாம். முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நியூட்ரல் என்று நம்பி மாட்டுவதும் தவறு. பழைய கட்டடங்களில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிய சாக்கெட்டுகள் எத்தனையோ!

புரோப் தாங்குமா?

அடுத்த கேள்வி, புரோபின் தாங்கு சக்தி. 10 எக்ஸ் புரோப் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஸ்கோப்புக்கு அனுப்புகிறது. இவற்றில் சில 300 வோல்ட்டும், சில 600 வோல்ட்டும் தாங்கும். புரோபின் மேலோ அதன் துண்டுச் சீட்டிலோ எழுதியிருக்கும். அந்த அளவும் குறைந்த அலைவெண்ணுக்குத்தான். மெகாஹெர்ட்ஸ் ஏற ஏறத் தாங்கும் வோல்ட் சரிந்துகொண்டே போகும்.

ஸ்கோப்போடு இலவசமாக வரும் பல புரோப்களில் 1 எக்ஸ், 10 எக்ஸ் என்று மாற்றும் தள்ளு சுவிட்சு உண்டு. வேலையின் நடுவே விரல் பட்டு அது 1 எக்ஸுக்கு நகர்ந்துவிட்டால், முழு வோல்ட்டும் நேரே ஸ்கோப்பின் வாசலில் இறங்கும். மெயின்ஸ் வேலைக்கு சுவிட்சு இல்லாத புரோப் வைத்துக்கொள்வது நல்லது.

திரையிலும் ஒரு கணக்கு உண்டு. செங்குத்தாக 8 கட்டம். சில ஸ்கோப்புகளில் கட்டத்துக்கு 5 வோல்ட்டுக்கு மேல் போகாது. 10 எக்ஸ் புரோபோடு சேர்த்தால் கட்டத்துக்கு 50. மொத்தம் 400 வோல்ட். மெயின்சின் 650 வோல்ட் அலை அதில் அடங்காது. தலையும் காலும் வெட்டுப்படும். 100 எக்ஸ் புரோப் இருந்தால், 1 வோல்ட் அளவிலேயே கட்டத்துக்கு 100 வோல்ட் ஆகி, ஆறரைக் கட்டத்தில் அலை அடங்கிவிடும். அந்த வகைப் புரோப்களில் 1500, 2000 வோல்ட் தாங்குபவை கிடைக்கின்றன. இண்டக்ஷன் அடுப்பின் கலெக்டருக்கு அதுதான் ஏற்றது.

அதற்கும் மேலே ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் நீண்ட கைப்பிடி புரோப்கள் இருக்கின்றன. 20,000 வோல்ட் டி.சி. வரை தாங்குபவை உண்டு. மல்டிமீட்டருக்கென்று விற்கும் உயர் வோல்ட் புரோபை ஸ்கோப்பில் மாட்டக் கூடாது. அது 10 மெகா ஓம் மீட்டருக்காகச் செய்தது. 1 மெகா ஓம் ஸ்கோப்பில் வோல்ட்டைப் பல மடங்கு குறைத்துக் காட்டும். 20,000 வோல்ட் நிற்கும் இடத்தில் சில ஆயிரம்தான் என்று நம்பிக் கையை நீட்ட அது இடம் கொடுத்துவிடும். 

மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே சுமார் 4000 வோல்ட், ஆளைக் கொல்லும் பலத்தோடு ஓடுகிறது. ஸ்கோப்பும் புரோபும் கொண்டு அதை ஆராய்வது பட்டறை வேலை அல்ல. அணைத்து, கெப்பாசிட்டரை வடித்து, ஓம் மீட்டரில் பாகங்களைச் சோதிப்பதே போதும்.

இரண்டு புரோப், ஒரு கழித்தல்

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரில் ஓட்ட முடியாத பெரிய மெஷின் வந்தால்? அல்லது பூமியைத் தொடாத இரு புள்ளிகளுக்கு இடையே பார்க்க வேண்டியிருந்தால்? அதற்கு டிபரன்ஷியல் புரோப் என்ற கருவி உண்டு. அதில் எர்த் கிளிப்பே கிடையாது. இரண்டு முனைகளும் பல மெகா ஓம் தடை வழியாகப் போகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் திரைக்கு வருகிறது. விலை சாதாரண புரோபைவிடப் பல மடங்கு. இன்வர்ட்டர், டிரைவ் வேலையே தொழிலாகக் கொண்ட கடைக்கு அது செலவாகாது, முதலீடு.

வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு சானல் உள்ள பழைய ஸ்கோப்பே போதும். ஒரே மாதிரியான இரண்டு புரோப்களை எடுத்து, இரண்டின் கறுப்பு கிளிப்புகளையும் ஒன்றோடொன்று கவ்வ வைத்து ஓரமாக விட்டுவிட வேண்டும். சர்க்யூட்டில் மாட்டவே கூடாது. ஒரு முள்ளை ஒரு புள்ளியிலும், மற்றதை இன்னொரு புள்ளியிலும் வைக்க வேண்டும். இரு சானலுக்கும் ஒரே அளவு. இரண்டாவதைத் தலைகீழாக்கி முதலாவதோடு கூட்டினால், அல்லது புது ஸ்கோப்பில் கழித்தல் கட்டளை கொடுத்தால், வித்தியாசம் திரையில் வரும். எர்த் அதன் இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

முதலில் இரு முள்ளையும் ஒரே புள்ளியில் வைத்துப் பார்க்க வேண்டும். நேர்கோடு வந்தால் சரி. கோணலாக வந்தால் புரோப்களை ஸ்கோப்பின் சதுர அலையில் வைத்து, திருகைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். இந்த முறைக்கும் எல்லை உண்டு. தனித்தனியே ஒவ்வொரு சானலின் அலையும் திரைக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு புரோபும் பூமியிலிருந்து வரும் முழு வோல்ட்டைத் தாங்க வேண்டும். பெரிய வோல்ட்டின் மேல் சவாரி செய்யும் மிகச் சிறிய சிக்னலை இதில் துல்லியமாகப் பார்க்க இயலாது.

பேட்டரியில் ஓடும் கைஸ்கோப்பில் எர்த்தே இல்லையே என்பார்கள். முனைகள் முழுவதும் காப்பிடப்பட்டு, 600 வோல்ட் கேட்-3 என்பது போல எழுதப்பட்டவை இந்த வேலைக்கென்றே செய்தவை. கேட்-2 என்பது சாக்கெட்டில் செருகும் சாமானுக்கு. கேட்-3 கட்டடத்தின் மெயின் போர்டுக்கு. கேட்-4 தெருவிலிருந்து லைன் நுழையும் இடத்துக்கு. லைன் நுழையும் இடத்தை நெருங்க நெருங்க, மின்னலாலும் சுவிட்சுகளாலும் வரும் திடீர் துடிப்பின் பலம் அதிகம். மலிவான குட்டி ஸ்கோப்புகளில் உலோக வாசல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பேஸ் ஏறினால் கையில்தான் இறங்கும். லேப்டாப்பில் செருகும் ஸ்கோப்பின் கிளிப்போ நேரே லேப்டாப்பின் உடம்புக்குப் போகிறது.

அணைத்த பிறகும்…

சுவிட்சை அணைத்தவுடன் ஆபத்து தீர்ந்துவிடாது. பெரிய கெப்பாசிட்டர்கள் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும் எச்சரிக்கை டிரைவ்களின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். காத்திருந்த பின்னும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வோல்ட் மிச்சமிருந்தால் ஸ்குரூடிரைவரால் ‘பட்’ என்று ஷார்ட் செய்வது வீரமல்ல. தீப்பொறி கண்ணில் தெறிக்கும். காப்பிட்ட வயர் கோத்த 100 வாட் குண்டு பல்பு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். மூன்று பேஸ் டிரைவுக்கு இரண்டு பல்புகளைத் தொடராக இணைக்க வேண்டும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். அணை, வடி, மீட்டர் வை, புரோபை மாட்டு, கையை எடு, பிறகு ஆன் செய், பார். மறுபடி அணை, வடி, பிறகு கழற்று. ஓடும்போது முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு தேடுவது கூடாது. மோதிரம், கைக்கெடிகாரம் கழற்றப்பட வேண்டும். காலடியில் ரப்பர் பாய் வேண்டும். கடையில் இரண்டாவது ஆள் இருக்க வேண்டும். மெயின் சுவிட்சு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்து, மூச்சும் துடிப்பும் இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108-ஐ அழைக்க வேண்டும்.

பெரிய கூடத்து வழக்கம்

இதே பெங்களூரில் 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மின்சாரத் தளவாடங்களைச் சோதித்துச் சான்று தருவது அதன் பணிகளில் ஒன்று. உயர் வோல்ட் சோதனைக்கூடங்களில் செயற்கை மின்னலை உண்டாக்கித் தளவாடங்களின் மேல் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். 11,000 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்கு அந்தத் துடிப்பு 95,000 வோல்ட் வரை போகும். ஒரு வினாடியை 10 லட்சமாகப் பிரித்தால் அதில் 1.2 பங்கு நேரத்தில் உச்சிக்கு ஏறி, 50 பங்கு நேரத்தில் பாதியாக இறங்கும் அலை அது. அதையும் இதே ஸ்கோப் இனம்தான் பதிவு செய்கிறது.

எப்படி? உயரமான ஒரு பகுப்பான் தூண் பெரும்பங்கு வோல்ட்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, கடைசிச் சிறு துளியை மட்டும் கேபிளில் அனுப்புகிறது. 10 எக்ஸ் புரோபின் அண்ணன் என்றே அதைச் சொல்லலாம். ஆட்கள் கம்பி வேலிக்கு வெளியே நிற்பார்கள். கதவு திறந்தால் மின்சாரம் தானே நின்றுவிடும். உள்ளே போகும் முன் எர்த் கோலால் தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்குவார்கள். லட்சம் வோல்ட்டோடு பழகும் அவர்கள் எர்த்தைக் கழற்றுவதில்லை. எர்த்தை நம்பித்தான் உள்ளே கால் வைக்கிறார்கள்.

மாடிப்படிக் கடையின் மேஜைக்கும் அதுவே விதி. வோல்ட்டைக் குறை, தூரத்தில் நில், வடித்துவிட்டுத் தொடு, எர்த்தை விடாதே. ஊரில் அம்மாவும் தங்கையும் மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய், இப்போது செல்போனில் பணம் போகிறது. அனுப்புகிறவன் பத்திரமாக இருந்தால்தான் அது மாதாமாதம் போகும். அடுத்த முறை யாராவது இடுக்கியை எடுத்துப் பச்சை வயரை நெருங்கினால், அந்தக் கையைப் பிடித்து நிறுத்தலாம். பட்டறைக்குப் புதிதாக வந்த பையனுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தரவேண்டிய பாடம் அதுவே.